18,000 ரூபாய் மிச்சம் பிடித்த கதை

கரூரில் வீட்டில் உட்கார்ந்தபடியே கணக்கு எழுதிப் பிழைக்கிறவள் நான். சின்னச் சின்ன ஜவுளி யூனிட்டுகள், இரண்டு ஹார்டுவேர் கடை, ஒரு பேக்கரி என்று பதினைந்து இருபது பேருக்கு டாலி என்ற கணக்கு மென்பொருளில் பதிவு போட்டு, மாதா மாதம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்து கொடுப்பேன். அலுவலகம் கிடையாது, ஆள் கிடையாது. ஒரு லேப்டாப், ஒரு பிரிண்டர், நான். இந்த மூன்றில் லேப்டாப் படுத்துவிட்டால் என்ன ஆகும் என்று 2024 ஜூலை வரை நான் ஒரு நாள்கூட யோசித்ததில்லை.

2021 டிசம்பரில் புது லேப்டாப் வாங்கக் கடைக்குப் போனேன். கடைக்காரர் இரண்டைக் காட்டினார். ஒன்று மெலிசு, வெள்ளி நிறம், கையில் எடுத்தால் நோட்டுப் புத்தகம் மாதிரி இருந்தது, 58,000 ரூபாய். இன்னொன்று கறுப்பாக, தடியாக, பார்த்தாலே பேங்க் கவுண்டர் ஞாபகம் வரும் ரகம், 76,000. இரண்டிலும் 8 ஜிபி ரேம், கிட்டத்தட்ட ஒரே பிராசஸர். "இது ஆபீஸ் சீரீஸுங்க, ரேம் ஏத்திக்கலாம், எல்லாம் கழட்டி மாட்டலாம்" என்று தடியனைப் பற்றிச் சொன்னார். கழட்டி மாட்ட நான் என்ன மெக்கானிக்கா என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டு மெலிசை வாங்கினேன். 18,000 மிச்சம். அந்தப் பணத்தில் பிரிண்டர் வாங்கினேன். அந்த பிரிண்டர் இன்றைக்கும் ஓடுகிறது, அதைச் சொல்லியாக வேண்டும்.

கடைப் பையனே விண்டோஸை எல்லாம் ஏற்றி, மின்னஞ்சல் கணக்கு ஒன்றும் போட்டு, "ரெடிங்க அக்கா" என்று கையில் கொடுத்தான். நான் எதையும் கேட்கவில்லை. பின்னால் என்னை அழவைத்தது இந்த ஒரு வரிதான். அதற்கு அப்புறம் வருகிறேன்.

வாரண்டி ஒரு வருடம். அது முடிந்து இரண்டாவது மாதம், மூடியைத் திறக்கும்போது இடது பக்கத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். ஹிஞ்ச், அதாவது மூடியின் கீல், விட்டுவிட்டது. உண்மையில் ஹிஞ்ச் உடையவில்லை, அது இரும்பு. அதைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ இறங்குகிற பித்தளைக் குமிழ்கள் வெறும் பிளாஸ்டிக்கில் பதிந்திருக்கின்றன, அந்தப் பிளாஸ்டிக் பெயர்ந்துவிட்டது. தினம் இருபது தடவை திறந்து மூடுகிற பொருளில் இப்படி ஒரு ஏற்பாடு. திரையின் பின்பக்கத்தையே மொத்தமாக மாற்ற 3,800 ரூபாய். அடுத்து, 2023 கடைசியில் டச்பேடு அழுந்தவில்லை. மவுஸ் வைத்து ஒரு மாதம் ஓட்டினேன். பிறகு பார்த்தால் கீழே பேட்டரி உப்பி அதைத் தூக்கிக்கொண்டிருக்கிறது. இது தெரியாமல் அதன் மேல் கையை வைத்து ஒரு மாதம் தட்டியிருக்கிறேன். டச்பேடு திடீரென்று இறுகினாலோ, லேப்டாப் மேஜையில் சமமாக உட்காராமல் ஆடினாலோ, அன்றைக்கே அணைத்துவிட்டுக் கடைக்குக் கொண்டுபோங்கள். உப்பிய பேட்டரி தீப்பிடிக்கக்கூடியது. கம்பெனி பேட்டரி ஸ்டாக் இல்லை என்றார்கள். வேறு தயாரிப்பு ஒன்று 2,600 ரூபாய்க்குப் போட்டேன்.

அதே சமயத்தில் வேகமும் போதவில்லை. டாலி ஒரு பக்கம், நாலு எக்ஸெல், உலாவியில் ஜிஎஸ்டி தளம், பேங்க் ஸ்டேட்மெண்ட் என்று திறந்தால் 8 ஜிபி மூச்சு முட்டும். ரேம் போடச் சொன்னேன். திறந்து பார்த்த பையன், "ரேமை போர்டுலயே பத்த வெச்சிருக்காங்க அக்கா, ஏத்த முடியாது" என்றான். 'ஏத்திக்கலாம்' என்று தடியனைப் பற்றிக் கடைக்காரர் சொன்னது அப்போதுதான் காதில் மறுபடி ஒலித்தது.

2024 ஜூலை 17, புதன்கிழமை. மொஹரம் விடுமுறை. 20-ஆம் தேதிக்குள் பதின்மூன்று பேருக்கு 3பி என்கிற ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடுகிறவர்களுக்கு நம் தமிழ்நாட்டில் 22 வரை அவகாசம் உண்டு, இவர்கள் மாதாந்திரக்காரர்கள். காலை ஆறு மணிக்குக் காப்பியோடு உட்கார்ந்து பவர் பட்டனை அழுத்தினேன். ஒன்றுமில்லை. சார்ஜரை மாட்டினால் அந்தச் சின்ன விளக்குகூட எரியவில்லை. வேறு சார்ஜர், வேறு பிளக், பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடிப்பது என்று ஒன்பது மணி வரை எல்லாவற்றையும் செய்தேன். அன்றைக்கு எந்தக் கடையும் போன் எடுக்கவில்லை.

வியாழக்கிழமை பஸ் பிடித்துத் திருச்சியில் இருக்கும் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். டோக்கன் வாங்கி இரண்டரை மணி நேரம் காத்திருந்தேன். டைப்-சி சார்ஜிங் முனை பக்கம் ஷார்ட் ஆகி மதர்போர்டு, அதாவது எல்லாப் பாகமும் உட்காரும் தாய்ப்பலகை, போய்விட்டது என்றார்கள். போர்டோடு பிராசஸர், ரேம் எல்லாமே சேர்ந்தது என்பதால் மொத்தமாகத்தான் மாற்ற முடியும். 38,700 ரூபாய், வரி தனி. பாகம் வர பத்திலிருந்து பதினைந்து வேலை நாள். அந்தப் பெண் மரியாதையாகத்தான் சொன்னாள். "புதுசே வாங்கிரலாம் மேடம்" என்று அவளே சொன்னபோதுதான் எனக்குக் கண் கலங்கியது. ஒரு சார்ஜிங் முனைக்காக இரண்டரை வயது லேப்டாப்பைச் செத்ததாக எழுதுவதா?

சரி, டிஸ்கையாவது காப்பாற்றுவோம் என்று அங்கேயே வெளியில் ஒரு கடையில் அந்த எஸ்எஸ்டி டிஸ்கைக் கழற்றி, 900 ரூபாய் கொடுத்து ஒரு வெளிப்பெட்டியில் போட்டு வாங்கிக்கொண்டேன். நல்லவேளை, அது மட்டும் தனியாகக் கழன்றது. பக்கத்து வீட்டு காலேஜ் பையனின் லேப்டாப்பை இரவல் வாங்கி, வெள்ளிக்கிழமை காலை அதில் சொருகினேன். 48 இலக்க மீட்பு எண்ணைக் கொடு என்று கேட்டது.

எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இப்போது வருகிற பெரும்பாலான விண்டோஸ் லேப்டாப்களில், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே நுழைந்தாலே டிஸ்க் தானாகப் பூட்டிக்கொள்கிறது. சாவியின் ஒரு பகுதி அந்த போர்டிலேயே இருக்கிறது. போர்டு செத்தாலோ, மாற்றினாலோ, டிஸ்கை வேறு கணினியில் மாட்டினாலோ அந்த 48 எண்கள் வேண்டும். திருட்டுப் போனால் நம் தகவல் பத்திரமாக இருக்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது, நியாயம்தான். ஆனால் எண் எங்கே இருக்கும்? முதல்நாள் நுழைந்த அந்தக் கணக்கில். என் விஷயத்தில் அந்தக் கணக்கு கடைப் பையன் போட்டது.

கடைக்கு ஓடினேன். பையன் வேலையை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிறது, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருக்கிறானாம். கடைக்காரரிடம் நம்பர் வாங்கி அன்று முழுக்க அடித்தேன், எடுக்கவில்லை. அன்றைக்குத்தான், ஜூலை 19, கிரௌட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் கோளாறான அப்டேட்டால் உலகம் முழுக்க 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கி, விமான நிலையங்களில் எல்லாம் நீலத் திரை. டிவியில் அதைப் பார்த்துவிட்டு என் கிளையண்ட் ஒருவர் போன் செய்து, "உங்களுதும் அதுதானுங்களா?" என்றார். ஆமாம் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். என்னுடையதில் நீலத் திரைகூட வரவில்லை அண்ணா என்றேன்.

சனிக்கிழமை மத்தியானம் அந்தத் தம்பி போனை எடுத்தான். பாவம், நைட் ஷிஃப்ட். "பாஸ்வேர்டு ஞாபகம் இருக்குங்க அக்கா, கடையில எல்லாருக்கும் அதேதான் போடுவோம்" என்றான். உள்ளே போய்ப் பார்த்தால் அந்த ஒரே கணக்கில் என்னுடையது தவிர இன்னும் ஏழு லேப்டாப்பின் பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. யாருடையவையோ. சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை. என் எண் இருந்தது. மாலை நாலு மணிக்கு டிஸ்க் திறந்தது. டாலி லைசென்ஸை இரவல் லேப்டாப்புக்கு மாற்றியது தனிக்கதை. 20-ஆம் தேதி சாயங்காலம் ஜிஎஸ்டி தளம் எப்படி ஓடும் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நள்ளிரவுக்குள் ஒன்பது பேருக்குப் போட்டேன். மீதி நாலு பேரில் இரண்டு பேருக்கு 22-ஆம் தேதி, இரண்டு பேருக்கு 23.

தாமதக் கட்டணம் நாளுக்கு 50 ரூபாய், நாலு பேருக்கும் சேர்த்து 500. தாமதமான வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டிக் கணக்கில் 640. இரண்டையும் என் கையிலிருந்து கொடுத்தேன். ஆயிரத்து சொச்சம், பெரிய தொகை இல்லை. ஆனால் நாலு பேரில் ஒருவர் அடுத்த மாதத்திலிருந்து வேறு ஆளிடம் போய்விட்டார். வருடத்துக்கு 24,000 ரூபாய் வேலை. கோபமாகக்கூடப் பேசவில்லை அவர். "லேடீஸ் தனியா எவ்வளவுதான் பண்ணுவீங்க" என்றார். கட்டணம், வட்டி எல்லாவற்றையும்விட அந்த வாக்கியம்தான் ரொம்ப நாள் குத்திக்கொண்டிருந்தது.

அதனால் லேப்டாப் பற்றி வேறு எதுவும் படிக்காவிட்டாலும் இதை இன்றைக்கே செய்யுங்கள். உங்கள் லேப்டாப் யார் கணக்கில் திறக்கிறது என்று பாருங்கள். கடைக்காரர் போட்டதென்றால் உங்கள் பெயரில், உங்கள் போன் நம்பரில் புதிதாக ஒன்று போட்டு மாற்றுங்கள். அந்த 48 எண்களைத் தாளில் அச்சடித்து ரேஷன் கார்டு இருக்கும் இடத்தில் வையுங்கள். பூட்டிய லேப்டாப்புக்குள்ளேயே சேமித்து வைக்காதீர்கள். அதையும் செய்தவர்களை எனக்குத் தெரியும்.

பழைய லேப்டாப்பை அப்படியே விட மனம் வரவில்லை. கோயம்புத்தூரில் சிப் லெவல் வேலை (போர்டில் கெட்டுப்போன சின்னப் பாகத்தை மட்டும் சரிசெய்வது) பார்க்கும் ஒருவரிடம் கொடுத்து 6,500 ரூபாய் செலவழித்து உயிர் வரவைத்தேன். நல்ல கைகாரர், அவரைக் குறை சொல்ல மாட்டேன். "கேரண்டி ஒரு மாசந்தாங்க" என்று முதலிலேயே சொன்னார். ஐந்து வாரம் ஓடி மறுபடி அணைந்தது.

அதற்குள் எனக்கு இது ஒரு வெறியாகியிருந்தது. ராத்திரி வேலை முடிந்ததும் லேப்டாப்களைத் திறந்து காட்டும் வீடியோக்களாகப் பார்ப்பேன். சித்தி பையன் ஒருவன் ஜெர்மனியில் இருக்கிறான். அவன் 2022-லிருந்து ஃபிரேம்வொர்க் லேப்டாப் வைத்திருக்கிறான். விஆர் கண்ணாடி செய்யும் ஆக்குலஸ் கம்பெனியில் இருந்த நிரவ் பட்டேல் என்பவர் சான் ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கிய கம்பெனி, 2021-ல் முதல் லேப்டாப்பை விற்றது. பெட்டியிலேயே ஸ்க்ரூடிரைவர் கொடுக்கிறார்கள். அடியில் ஐந்தே ஐந்து ஸ்க்ரூ, உள்ளே ஒவ்வொரு பாகத்திலும் ஒரு கியூஆர் கோடு. ஹிஞ்சைக்கூடத் தனியாக விற்கிறார்கள் என்று அவன் சொன்னபோது எனக்கு வயிறு எரிந்தது. சார்ஜிங் முனை சின்ன டப்பா மாதிரி வெளியே இழுத்தால் கையோடு வருகிறது. அவன் உடைந்த திரையை அரை மணி நேரத்தில் மாற்றியிருக்கிறான், போர்டைப் புதுசாக மாற்றி அதே உடம்பில் இரண்டு தலைமுறை தாண்டிவிட்டான். "காசு மிச்சமாச்சாடா?" என்று கேட்டேன். "இல்லக்கா. அதே காசுக்கு ரெண்டு சாதா லேப்டாப் வாங்கியிருக்கலாம். ஆனா ஒரு நாள்கூட வேலை நிக்கலை" என்றான். நேர்மையான பதில்.

அவன் ஊருக்கு வரும்போது ஒன்று கொண்டுவரச் சொல்லலாமா என்று யோசித்தேன். பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட பயணி ஒரு லேப்டாப்பைச் சுங்க வரி இல்லாமல் கொண்டுவரலாம். ஆனால் நான் தேடிய 2024-ல் அந்தக் கம்பெனி இந்தியாவுக்கு அனுப்பும் பழக்கமே இல்லை. நாளைக்கு ஒரு பாகம் போனால் அடுத்த தீபாவளிக்கு அவன் வரும்வரை காத்திருக்க வேண்டும். எல்லாமே கழன்று வரும், ஆனால் மாட்டப் பாகம் கிடையாது என்றால் எனக்கு அந்தச் சர்வீஸ் சென்டரும் இதுவும் ஒன்றுதான். அங்கேதான் என் கணக்கு மாறியது. லேப்டாப் கழன்று வருமா என்பது பாதிக் கேள்வி. கரூரிலிருந்து பஸ்ஸில் போய்த் திரும்பும் தூரத்தில், இரண்டு நாளுக்குள் பாகம் கிடைக்குமா என்பது மீதி.

அப்படிப் பார்த்தால் நம் ஊரில் ராஜா பழைய ஆபீஸ் லேப்டாப்கள்தான். பெரிய கம்பெனிகள் மூன்று நாலு வருடம் ஓட்டிவிட்டு ஆயிரக்கணக்கில் தள்ளுகிற சரக்கு, அதனால் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் அதற்குக் கிடைக்காத பாகம் இல்லை. 2024 செப்டம்பரில் 22,000 ரூபாய்க்கு, ஜிஎஸ்டி பில்லோடு, லெனோவோ கம்பெனியின் ஒரு திங்க்பேட் டி480 வாங்கினேன். 2018-இல் வந்த மாடல். இரண்டு ரேம் இடம், உள்ளே ஒரு பேட்டரி, வெளியே ஒரு பேட்டரி. வெளியே இருப்பதை லேப்டாப்பை அணைக்காமலே கழற்றி மாற்றலாம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரோடு முடிந்ததால் பழையது வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: இண்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் குறைந்ததில் முறைப்படி விண்டோஸ் 11 ஏறாது. இது எட்டாம் தலைமுறை. வாங்கும்போது பேட்டரி அறிக்கையை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், விண்டோஸிலேயே அந்த வசதி இருக்கிறது. என்னுடையதில் வெளிப் பேட்டரி பாதிக்குக் கீழே போயிருந்தது, 2,900 கொடுத்து மாற்றினேன். இரண்டு மூன்று விசைகள் ஒழுங்காக அழுந்தவில்லை. 1,900 ரூபாய்க்கு கீபோர்டு வரவழைத்து, கம்பெனி தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும் கையேட்டைப் பார்த்து நானே மாற்றினேன். கைகள் நடுங்கின. மாட்டி முடித்து 'க' அடித்துத் திரையில் வந்ததும் தனியாக உட்கார்ந்து கைதட்டினேன், வேறு யாரும் வீட்டில் இல்லை. பழைய மெலிசில் கீபோர்டு போயிருந்தால் அது மேல்பலகையோடு பிளாஸ்டிக் ஆணிகளால் உருக்கி ஒட்டப்பட்டது, பலகையையே மாற்றச் சொல்லியிருப்பார்கள்.

டி480-ஐயே வைத்து ஓட்டியிருக்கலாம். ஆனால் ஒரே இயந்திரத்தை நம்பி இருக்கக்கூடாது என்ற பயம் ஒட்டிக்கொண்டது. 2025 ஜனவரியில், சேமிப்பிலிருந்து 1,12,000 எடுத்து, அதே வரிசையில் டி14-இன் ஐந்தாம் தலைமுறையை, வீட்டுக்கே ஆள் வரும் மூன்று வருட வாரண்டியோடு வாங்கினேன். ஏன் குறிப்பாக அது என்றால், இடைப்பட்ட வருடங்களில் அந்த வரிசையிலேயே ஒரு ரேமை போர்டோடு பற்றவைக்க ஆரம்பித்துவிட்டார்கள். 2024 மாடலில்தான் இரண்டு இடமும் திரும்பி வந்தது. கருவிகளைக் கழற்றிப் பார்த்து மதிப்பெண் போடும் ஐஃபிக்ஸிட் தளத்துக்காரர்கள் பழுதுபார்க்கும் எளிமைக்கு அதற்கு 10-க்கு 9 கொடுத்திருந்தார்கள். ஆகவே பிராண்டு பெயரையோ வரிசைப் பெயரையோ நம்பி வாங்காதீர்கள். சரியான மாடல் பெயரோடு கையேட்டைத் தேடி எடுத்து, ரேம் இடம் எத்தனை, பேட்டரி ஸ்க்ரூவா பசையா, கீபோர்டு தனியாக வருமா என்று மூன்றை மட்டும் பாருங்கள். பிரான்ஸில் 2021-லிருந்து லேப்டாப் விற்பவர்கள் 10-க்கு இத்தனை என்று பழுதுபார்ப்பு மதிப்பெண் போட்டுத்தான் விற்க வேண்டும். அதே மாடல் அங்கே விற்கிறதென்றால் அந்த மதிப்பெண்ணை இங்கிருந்தே பார்த்துக்கொள்ளலாம். அப்புறம் உங்கள் ஊர் சர்வீஸ் கடை ஒன்றுக்குப் போன் போட்டு, "இந்த மாடலுக்குக் கீபோர்டு என்ன விலைங்க?" என்று கேளுங்கள். உடனே விலை சொன்னால் வாங்குங்கள். "மாடல் நம்பர் அனுப்புங்க, பார்த்துச் சொல்றேன்" என்று இழுத்தால் யோசியுங்கள்.

மார்ச்சில் 3,900 ரூபாய்க்கு இன்னொரு 16 ஜிபி ரேம் போட்டேன். 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் ரேமை எல்லாம் விழுங்க ஆரம்பித்ததும் அதே துண்டு இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. ஆக, காலி இடம் இருக்கிறது, விலை இறங்கும்போது போட்டுக்கொள்ளலாம் என்கிற தைரியமும் எப்போதும் பலிக்காது. இன்னொன்றையும் மறைக்கக்கூடாது, இந்த லேப்டாப்பிலும் டைப்-சி முனை போர்டில்தான் இருக்கிறது. இரண்டு முனை இருப்பதால் மாற்றி மாற்றிச் சொருகுகிறேன், சார்ஜர் வயர் தொங்கி இழுக்காதபடி மேஜையில் ஒரு கிளிப் போட்டிருக்கிறேன். இதுவரை ஒரே ஒரு தடவை ஆள் வரவேண்டியிருந்தது, திரையில் ஒரு கோடு. போன் செய்த மூன்றாம் நாள் வீட்டு வாசலில் வந்து மாற்றிக் கொடுத்தார். வாங்கும் முன் உங்கள் பின்கோடுக்கு வீட்டுக்கு வரும் சேவை உண்டா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், எல்லா ஊருக்கும் கிடையாது.

கணக்குக்காரி என்பதால் கணக்கும் போட்டுப் பார்த்தேன். மெலிசுக்கு 58,000, ரிப்பேர் மூன்றும் சேர்த்து 12,900, ஆக 70,900. சுமார் 33 மாதம் ஓடியது. மாதத்துக்கு 2,150 ரூபாய். புதியதற்கு ரேமோடு 1,15,900. அதே மாதச் செலவுக்கு வர இது 54 மாதம், அதாவது 2029 ஜூலை வரை ஓட வேண்டும். அதுவரை ரூபாய்க் கணக்கில் நான் ஜெயிக்கவில்லை. போன கிளையண்டின் ஒரு வருட 24,000-ஐயும் மெலிசின் பற்றில் எழுதினால் அந்த 54 மாதம் சுமார் 40 மாதமாகக் குறைந்துவிடும். எழுதலாமா கூடாதா என்பது உங்கள் தொழிலைப் பொறுத்தது. என் அக்கா மகள் காலேஜுக்கு லேப்டாப் கேட்டபோது ஒரு லட்சம் போடச் சொல்லவில்லை. அவளுக்கு ஒரு வாரம் லேப்டாப் இல்லாவிட்டால் சினேகிதியிடம் வாங்கிக்கொள்வாள். டி480 மாதிரி ஒன்றைத்தான் வாங்கிக் கொடுத்தோம்.

மெலிசு போன மாதம் வரை பீரோ மேல் துணி சுற்றி இருந்தது. டிஸ்கை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை அதே கடையில் 1,500 ரூபாய்க்குக் கொடுத்தேன். புதுப் பையன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டிஸ்ப்ளே பளிச்சுன்னு இருக்குங்க அக்கா, வேற ஒருத்தருக்கு மாட்டிக்கலாம்" என்றான். பணத்தை வாங்கிக்கொண்டு, புது லேப்டாப் வாங்க வருகிறவர்களுக்கு மின்னஞ்சல் கணக்கு யார் போடுகிறீர்கள் என்று கேட்டேன். "நான்தாங்க அக்கா" என்றான்.